கை நனைக்காத விருந்து

புதூர் கடைவீதியில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் விதைக்கடையின் பெயர்ப்பலகையில் உரிமையாளர் என்று எழுதப்பட்டிருப்பது ஆவுடைத்தாயின் பெயர். ஆயினும் எட்டு ஆண்டுகளாகச் சுற்று வட்டாரம் அதைச் சண்முகராஜ் கடை என்றே வழங்கி வந்தது. சண்முகராஜ் அவளுடைய கணவன். நல்லவன், கைநேர்மை உள்ளவன், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முதுகு காட்டியவன். விதையும் மருந்தும் விற்பவர் அதற்குரிய படிப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, அவன் மூடையோடு மூடையாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பள்ளி விட்ட மாலைகளில் தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிய கூலியில் பத்தாம் வகுப்பை முடித்திருந்த ஆவுடைத்தாய்தான் ஓராண்டுக் காலம் ஞாயிறு தவறாமல் கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறினாள். நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து, பூச்சியின் பருவத்தையும் மருந்தின் அளவையும் மனப்பாடம் செய்து பட்டயம் வாங்கினாள்.

உரிமம் அவள் பெயருக்கு வந்தது. கடையும் அவள் சொல்லால் நடந்தது. எந்த ஓடையோரத்து நிலம் ஈரம் தாங்கும், எந்த மேட்டுக்காடு தாங்காது என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. விதை கேட்டு வருகிறவரிடம் முதலில் நிலத்தைத்தான் விசாரிப்பாள். "ஆவுடை குடுத்தா முளைக்கும்" என்று ஒரு பேச்சு ஊருக்குள் உலவியது. அந்தப் பேச்சையே அவள் தன் சொத்தாக எண்ணியிருந்தாள்.

விற்பனை இலக்கை எட்டிய கடைக்காரர்களை விதைக் கம்பெனி ஆண்டுதோறும் உல்லாசப் பயணம் கூட்டிப் போகும். அழைப்பு ஆவுடைத்தாயின் பெயருக்கு வரும். போவது சண்முகராஜ். தொப்பியும் தோள்பையுமாகச் சிவந்த கண்ணோடு திரும்பி வருவான். அங்கே என்ன நடந்தது என்று அவள் கேட்டதில்லை. ஆண்கள் கூடிக் கலைகிற இடம் என்ற அளவில் விட்டுவிட்டாள். கேட்கும்படி ஆனது இந்தத் தை மாதத்தில்.

புரட்டாசிக் கடைசியில் பெய்த மழைக்குக் கரிசல் முழுதும் மக்காச்சோளம் விதைத்தார்கள். கம்பெனி அந்த ஆண்டு ஒரு புது ரகத்தை இறக்கியிருந்தது. ஆவுடைத்தாயின் சொல்லை நம்பி உழுது பிழைக்கும் முப்பத்தேழு சம்சாரிகள் அதை வாங்கினார்கள். பயிர் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது, கதிரும் வைத்தது. தோகையை உரித்துப் பார்த்தால் உள்ளே மணி இல்லை. ஒரு கதிருக்குப் பத்து, பதினைந்து என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. வரப்புக்கு அடுத்த பக்கத்தில், அதே மண்ணில், அதே மழையில், வேறு விதை போட்டவன் வயலில் மணிகள் தோகையைப் பிளந்துகொண்டு நெருங்கி நின்றன. குற்றம் வானத்தின் மேல் இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கம்பெனியின் வட்டார மேலாளர் ஹரிஹரசுதன் கோயம்புத்தூரில் இருப்பவர். விதை விற்கும் மாதங்களில் நாளைக்கு இரண்டு முறை அழைத்து, "நம்ம ரகம் எப்படிப் போகுது மேடம்?" என்று தேன் ஒழுக விசாரித்தவர். கதிர் பொய்த்துப்போனது என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கூட்டம் மாற்றிக் கூட்டம் வந்தது. பிறகு அவர் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. வேளாண் அலுவலர் வயலைப் பார்வையிட்டு அறிக்கை தர இசைந்தார். கம்பெனியின் ஆள் உடனிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வழக்குக்கு அது நில்லாது என்றும் சொன்னார். இரண்டு முறை நாள் குறித்தார். இரண்டு முறையும் கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. மூன்றாவதும் கடைசியுமாக ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்.

அவர்கள் ஏன் வரவில்லை என்பது குழந்தைக்கும் விளங்கும். நிற்கிற பயிர் ஒன்றே சாட்சி. தீவனத் தட்டையை அறுத்துவிட்டால் சாட்சி மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். ஏழை எத்தனை நாளைக்கு அறுக்காமல் வைத்திருப்பான் என்பதை எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவர் கணித்திருக்கிறார். இந்தக் கணக்குக்கு அறிவு வேண்டியிருக்கிறது. அந்த அறிவை இவ்வளவு இழிந்த வேலைக்குச் செலவழிக்க மனமும் வேண்டியிருக்கிறது.

பெத்தம்மாளுக்கு ஐந்து ஏக்கர். முப்பத்தேழு பேரில் முதல் பாக்கெட்டை வாங்கியவள் அவள். ஒருநாள் காலை கடைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"ஏ ஆவுடை, தட்டை வாங்க ஆள் வந்து நிக்கான். இன்னும் காஞ்சா மாடு தின்னாதுங்கான். கதிருதான் இல்லன்னு ஆயிட்டு, தட்டையாவது மிஞ்சும்லா? நான் என்ன செய்யட்டும்?"

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க மதினி."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. நீ சொன்னன்னுதான் வெதச்சேன், நீ சொன்னன்னுதான் அறுக்காம வச்சிருக்கேன். இன்னும் எத்தனைக்குத்தான் ஒன் சொல்லக் கேக்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஆவுடைத்தாய் தாங்கியிருப்பாள். பெத்தம்மாள் அதை வெறும் கணக்காகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று உச்சிப்பொழுதில் கைப்பேசியில் கம்பெனியின் அழைப்பு வந்து விழுந்தது. சனிக்கிழமை, கொச்சியில், கடலில். வண்ணப் படத்தின் மேல் 'என்ன எதிர்பார்க்கலாம்' என்று தலைப்பிட்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மூன்று மணி நேரக் கப்பல் பயணம், அதிரவைக்கும் டி.ஜே. இசை, வரவேற்புப் பானம், அதன்பின் அளவில்லாத பானங்கள், ஆட்டம், பரிசளிப்பு, பலவகை விருந்து. முடிவில் ஒரு வரி: உங்கள் கவலைகளைக் கரையிலேயே விட்டு வாருங்கள்.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"கப்பல்ல என்னதான் நடக்கும்?" என்று கணவனைக் கேட்டாள்.

சண்முகராஜ் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்ன நடக்கும்? பாட்டுப் போடுவாவ. ஊத்திக் குடுப்பாவ. ஆடச் சொல்லுவாவ. பொறவு சாப்பாடு."

"நீங்க ஆடுனீங்களாக்கும்?"

"எல்லாரும் ஆடும்போது நான் மட்டும் தூணு மாதிரி நிக்கவா?"

"அந்த மேனேஜரு?"

"அவருதான் முன்னால நின்னு ஆடுவாரு. நம்ம தோள்ல கையப் போட்டுக்கிட்டு அண்ணாச்சி அண்ணாச்சிம்பாரு."

"நடுவுல எறங்கிப் போயிருவாரோ?"

"கடலுக்குள்ள எங்கன எறங்க? நீந்தியா போவாரு?"

ஆவுடைத்தாய் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். "அப்ப இந்த வருசம் நான் போறேன்."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? அங்கன பொம்பளையாளே கிடையாது. குடிச்சிட்டுக் கெடப்பானுவ."

"லைசென்சுல யாரு பேரு இருக்கு?"

சண்முகராஜ் தராசுத் தட்டைக் கீழே வைத்தான். "நீல கலர்ப் பையை எடுத்துட்டுப் போ. ஜிப் நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னான்.

கோவில்பட்டியிலிருந்து கம்பெனியின் பேருந்து புறப்பட்டது. கடைக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர். அவளைக் கண்டதும் எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு யாரோ பின்னிருக்கையில், "அண்ணாச்சி தப்பிச்சிட்டாரு, நாம மாட்டிக்கிட்டோம்" என்றான். சிரிப்பு எழுந்தது. விளாத்திகுளத்துக் கடைக்காரன் ஜெயபாண்டி, அவளோடு பட்டயம் படித்தவன், தன் சன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தான். அவனும் அதே ரகத்தை விற்றவன். அவன் கடைக்கும் சம்சாரிகள் வந்து நின்றிருந்தார்கள்.

"நீயும் கேளுல அவர்கிட்ட" என்றாள் அவள்.

"கேக்கலாம்க்கா. சமயம் பாத்துக் கேக்கணும். அடுத்த வருச டீலர்ஷிப்பும் இருக்குல்லா."

சனிக்கிழமை மாலை, கொச்சித் துறையில், கப்பலுக்கு ஏறும் பலகையின் தலைப்பில் ஹரிஹரசுதன் பூப்போட்ட சட்டையோடு நின்று ஒவ்வொருவரையும் தழுவி உள்ளே அனுப்பினார். அவளைக் கண்டதும் விரித்த கைகள் கும்பிடாக மாறின.

"மேடம், சார் வரலையா?"

"அவிய கடையைப் பாக்காவ. உரிமம் என் பேருல இருக்கு, நான் வந்திருக்கேன். சார், திங்கக்கிழமை..."

"சூப்பர் மேடம். பெண்கள் முன்னால வரணும். உள்ள போங்க, என்ஜாய் பண்ணுங்க" என்று அவளுக்குப் பின்னால் வந்தவரைத் தழுவப் போய்விட்டார்.

ஏறும் இடத்தில் பை திறந்து பார்க்கும் காவலாளி, சண்முகராஜின் நீலப் பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு மக்காச்சோளக் கதிர்களைக் கண்டு சிரித்தார். வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பது விதி. கதிரைப் பற்றி விதி ஏதும் இல்லை. விட்டுவிட்டார்.

கப்பலுக்கு இரண்டு தளம். கீழே உணவுக் கூடம், மேலே திறந்த ஆட்டக்களம். துறைமுக வாயிலைத் தாண்டிக் கப்பல் கடலில் இறங்கியபோது கதிரவனும் நீரில் இறங்கிக்கொண்டிருந்தான். கோவில்பட்டிச் செண்பகவல்லியம்மன் சன்னதியில் விளக்கேற்றும் வேளை அது. ஆவுடைத்தாய் தன்னையறியாமல் மேற்கு நோக்கிக் கை குவித்தாள். குவித்த கை விரியுமுன் இசை வெடித்தது.

அதை இசை என்று எழுத என் கை கூசுகிறது. பண் என்பது கேட்பவனைக் கேட்கவைப்பது. கல்லும் கசியும் என்று நம் முன்னோர் நம்பிய பொருள் அது. அன்று அந்தத் தளத்தில் இறைக்கப்பட்டதோ, அருகருகே நிற்கும் இருவரில் ஒருவர் சொல் மற்றவருக்குக் கேளாதிருக்கச் செய்யும் ஓர் ஏற்பாடு. விலா எலும்பில் இடித்தது, பல்லில் அதிர்ந்தது, சொல்லை மட்டும் எழவிடவில்லை. மதுவும் அப்படித்தான். களைத்தவன் களைப்பாற ஊற்றியதில்லை அது; நினைவிருப்பவன் நினைவிழக்க ஊற்றியது. காலிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. பணியாள் வந்து கையிலேயே நிரப்பினான். முப்பத்தெட்டுப் பேர் முப்பத்தெட்டு ஊர்களின் கேள்வியைச் சுமந்து வந்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் இல்லை.

ஆவுடைத்தாய் முயன்றாள். ஏணியடியில் ஹரிஹரசுதனை மறித்து, "சார், திங்கக்கிழமை நீங்க வரணும்" என்றாள். அவர் காதில் கை குவித்துக் கேட்பதுபோல் பாவித்து, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்து, மேலே போனார். பின்தொடர்ந்து ஆட்டத்துக்கு நடுவே நுழைந்தாள். ஆட வந்ததாக எண்ணி ஆண்கள் வட்டமிட்டுச் சீட்டியடித்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகி, வட்டத்தின் நடுவில் ஆடாமல் நின்றாள். சீட்டி தானாக அடங்கும்வரை நின்றாள். மூன்றாம் முறை அவரே அருகில் வந்து காதோரம் குனிந்து, "மேடம், இங்க பிசினஸ் வேண்டாமே. மண்டே பேசலாம்" என்றார்.

"மண்டே பேச வேண்டாம் சார், வரணும்."

அவர் அதற்குள் வேறொரு தோளில் கை போட்டிருந்தார்.

பிறகு பரிசளிப்பு. நிகழ்ச்சியை நடத்த வந்திருந்த பிரித்திகா என்ற பெண் ஒலிவாங்கியில், "இந்த ஆண்டின் மக்காச்சோள மகாராணி" என்று அறிவித்து ஆவுடைத்தாயின் பெயரைப் படித்தாள். புது ரகத்தைத் தென்மாவட்டத்திலேயே அதிகமாக விற்றவள் என்பதற்காக அந்தப் பட்டம். பொன்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம் ஒன்றை அவள் தலையில் வைத்து, கம்பெனியின் முத்திரை பதித்த கெட்டியான சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். படம் எடுப்பவன் சிரிக்கச் சொன்னான். பெத்தம்மாளின் ஐந்து ஏக்கரும், இன்னும் முப்பத்தாறு பேரின் காடும் பொய்த்துப்போனதற்குக் கிரீடம். ஒருவன் வயிற்றில் அடித்த கைக்கு இன்னொருவன் கங்கணம் பூட்டினால் எப்படியிருக்கும்? அவள் பேச வாயெடுத்தபோது பிரித்திகா ஒலிவாங்கியோடு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். ஆவுடைத்தாய் கிரீடத்தைக் கழற்றி மது ஊற்றும் மேசையில் வைத்தாள். இருக்கன்குடிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அதை எடுத்து அணிந்துகொண்டு ஆடத் தொடங்கினார்.

விருந்துக்குக் கீழே அழைத்தார்கள். அங்கே இரைச்சல் குறைவு. பிரியாணி, மீன், கோழி, பாயசம் எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. ஆவுடைத்தாய் ஒரு மேசையில் உட்கார்ந்தாள். பணியாள் பரிமாறிய தட்டை அவள் தொடவில்லை. தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

எதிரே உட்கார்ந்து பிரியாணியில் கை வைத்த ஜெயபாண்டி, "என்னக்கா, சாப்பிடலையா?" என்றான்.

"நான் கை நனைக்கல."

"கவிச்சி சேக்க மாட்டியளோ? சாம்பார் சாதம் இருக்கு அங்கன."

"கை நனைக்கலன்னு சொல்லுதேன், ஜெயபாண்டி."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கரிசல் காட்டில் பெண் கேட்டுப் போனாலும், பங்காளி வழக்கைத் தீர்க்கப் போனாலும், போன இடத்தில் பேச்சு முடியும் வரை யாரும் கை நனைப்பதில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டாலும் வழக்கை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் அவரைச் சேர்ந்தவர் உண்பது அவரைக் கைவிடுவதாகும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கே பிறந்தவனுக்குத் தாய்ப்பாலோடு தெரியும். மூன்று கோப்பை மது உள்ளே இருந்தாலும் தெரியும்.

ஜெயபாண்டி தட்டிலிருந்து கையை எடுத்தான். "இது நம்மூரு இல்லக்கா. கம்பெனி சாப்பாடு. ரூவா கட்டியாச்சு."

"நீ சாப்பிடு. நான் ஒன்னய ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாமலே சொல்லுதியளே" என்று முணுமுணுத்தவன், கையைக் கழுவிவிட்டு வந்து வெறுமனே உட்கார்ந்தான். பக்கத்து மேசைக்காரர் ஏன் என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் கையும் நின்றது. செய்தி மேசை மேசையாகப் போயிற்று. எல்லாரும் எழுந்துவிடவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் உண்டார்கள். கிரீடம் அணிந்தவர், "நான் கடலுக்குள்ள பஞ்சாயத்துப் பாக்க வரல, திங்க வந்தேன்" என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தின்றார். ஆயினும் புதூர், விளாத்திகுளம் பக்கத்து ஆள்கள் பதினான்கு பேர், ஆவி அடங்கிய தட்டுகளுக்கு முன் கை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹரிஹரசுதனுக்கு முதலில் விளங்கவில்லை. அவளுக்கு விரதம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிரித்திகாவிடம் இளநீர் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் இளநீரை மேசையில் வைத்துவிட்டு, பதினான்கு தட்டுகளையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யார் மேல பெரியம்மா?" என்று கேட்டாள்.

ஆவுடைத்தாய் நிமிர்ந்தாள். "நீ எந்த ஊரு?"

"அம்மா ஊரு கயத்தாறு பக்கம்."

"அப்ப ஒனக்கு நான் சொல்ல வேண்டாம். ஒங்க சாருகிட்டச் சொல்லு."

பிரித்திகா திரும்பிப் போய் அவரிடம் சொன்னது அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. "சார், அவங்களுக்கு விரதம் இல்ல. உங்க மேல வழக்கு வச்சிருக்காங்க. தீராம சாப்பிட மாட்டாங்க."

அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஆவுடைத்தாய் நீலப் பையைத் திறந்து, இரண்டு கதிர்களை அவர் முன் வைத்து, தோகையை உரித்துக் காட்டினாள். விளக்கொளியில் வெறும் சக்கை பளபளத்தது.

"மேடம், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. உங்க கடைக்கு மட்டும் தனியா ஏதாவது செய்யலாம். வெளிய சொல்லாதீங்க. அடுத்த டூர் வெளிநாடு, உங்க ரெண்டு பேருக்கும் சீட்."

"சார், கடைக்கு ஒண்ணும் ஆகல. நான் வித்துட்டேன், எனக்குக் கமிசன் வந்துட்டு. வெதச்சவனுக்குத்தான் வரல."

"தலைமை ஆபீஸ்ல கேக்கணும் மேடம். இங்க டவர் இல்ல."

"ஒங்க காலுக்கு டவர் வேண்டாம்லா. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு அந்தக் காட்டுல வந்து நிக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

அப்போது படம் எடுப்பவன் வந்து, முதலாளி வீட்டுக்கு அன்றே காணொளி அனுப்பியாக வேண்டும் என்றும், பந்தியில் பாதிப்பேர் சாப்பிடாமல் இருப்பது படத்தில் நன்றாக இல்லை என்றும் மேலாளரின் காதில் சொன்னான். ஹரிஹரசுதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மேடம், ப்ளீஸ். ஒரு அஞ்சு நிமிஷம். சாப்பிடுற மாதிரி மட்டும்..."

"சாப்பிடுத மாதிரி எங்களுக்குத் தெரியாது சார். சாப்பிடத்தான் தெரியும்."

பதினான்கு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயபாண்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியே எல்லாப் பக்கமும் நீர். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆட ஆளில்லை.

"சரி, வாரேன்."

"எழுதிக் குடுங்க."

காகிதம் இல்லை என்றார். ஆவுடைத்தாய் தன் சான்றிதழைத் திருப்பி வைத்தாள். அச்சிட்ட முத்திரைக்குப் பின்பக்கத்து வெள்ளையில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேளாண் அலுவலர் முன்னிலையில் புதூர் வட்டார மக்காச்சோள வயல்களைப் பார்வையிட வருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். அவள் வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தாள். பிறகு கை கழுவி வந்து, ஆறிப்போன சோற்றை உண்டாள். பசி செத்துப் போயிருந்தது. ஆனாலும் உண்டாள், மிச்சம் வைக்காமல் உண்டாள். எதிராளி வாக்குக் கொடுத்தபின் உண்ணாதிருப்பதும் தவறு. முறைமை என்பது நமக்கு வசதியான பாதியோடு நின்றுவிடுவதில்லை.

திங்கட்கிழமை அவர் வந்தார். வேளாண் அலுவலர் பெத்தம்மாளின் காட்டில் அளவெடுத்துக் கயிறு கட்டி, உள்ளே இருந்த கதிர்களையெல்லாம் உரித்து எண்ணினார். மழை சரியாகப் பெய்யவில்லை என்று ஹரிஹரசுதன் ஆங்கிலத்தில் விளக்கினார். அலுவலர் வரப்பைத் தாண்டி அடுத்த காட்டுக்குள் போய், நிறைந்த கதிர் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். அதன்பின் மழையைப் பற்றிய பேச்சு எழவில்லை. மாலைக்குள் பதினோரு காடுகள் பார்த்து முடிந்தன, எஞ்சியவை அடுத்த இரண்டு நாளில். ஒவ்வொன்றிலும் கம்பெனியின் கையெழுத்து விழுந்தது. புதன்கிழமை பெத்தம்மாள் தட்டையை அறுத்து விற்றாள். எதிர்பார்த்த விலையில் பாதிதான் கிடைத்தது.

பன்னிரண்டாம் நாள் ஆவுடைத்தாய்க்குக் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. நிகழ்ச்சியின் மாண்புக்கு ஊறு விளைவித்தமையால் அவளுடைய முகவர் உரிமை நீக்கப்படுகிறதாம். மாண்பு என்ற சொல்லை எங்கெல்லாம் கொண்டுபோய்ப் பூசுகிறார்கள், பாருங்கள். சண்முகராஜ் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இனிமே கப்பல் கெடையாது" என்றான். வேறு கம்பெனி விதைக்கு அவனே கோவில்பட்டி போய் வந்தான்.

அவளுக்கு உண்மையில் வயிறெரிந்தது அதனால் இல்லை. ஜெயபாண்டி அன்று தன் சம்சாரிகளுக்காக ஒரு வரியும் எழுதி வாங்கவில்லை. சமயம் பார்த்துக்கொண்டே இருந்தான். விளாத்திகுளத்துப் பக்கம் தட்டையெல்லாம் அறுபட்டுவிட்டது. அவன் முகவர் உரிமை மட்டும் அறுபடாமல் இருக்கிறது. அவன் கைப்பேசியில் கூப்பிட்டபோது, "நீ அன்னைக்கு எனக்காவக் கையை எடுத்த. ஒன் ஆளுகளுக்காவ எடுக்கல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முப்பத்தேழு பேரும் சேர்ந்து தூத்துக்குடி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் மறுப்புரை போன வாரம் வந்தது. ஆவுடைத்தாய் அதைக் கடையில் உட்கார்ந்து பெத்தம்மாளுக்குப் படித்துக் காட்டினாள். 'எங்கள் மேலாளர் நடுக்கடலில் வெளியேற வழியின்றி மறித்து வைக்கப்பட்டு, நெருக்கடிக்கு ஆளாகி வாக்குறுதி எழுதித் தந்தார். ஆகவே அதைத் தொடர்ந்த பார்வையிடலும் செல்லாது' என்று அதில் இருந்தது.

பெத்தம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். கேட்டு முடித்தாள்.

"நம்மளா அவரக் கப்பல்ல ஏத்துனோம்?"

"இல்ல மதினி."

"பாட்டு நம்ம போட்டோமா? ஊத்திக் குடுத்தது நம்மளா?"

"இல்ல."

"பெறவு?" என்றாள் பெத்தம்மாள். "இத அப்படியே அந்தக் கோர்ட்டு ஐயாமாருகிட்டச் சொல்லணும். ஒன் வக்கீலு இங்கிலீசுல சொல்லி மழுப்பிருவாரு. நானே சொல்லுதேன். என்னைக்கு வாய்தா?"

"வார இருபத்தொண்ணு. காலையில ஏழு மணி வண்டி."

"சரி, ரெண்டு பேருக்கும் கட்டுச்சோறு நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு, பெத்தம்மாள் வெயிலில் இறங்கினாள்.